ஏடிஎம் பெட்டிக்குள் எந்த இயங்குதளம்?

2015-இல் ஒரு மாலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போயிருந்தேன். கீழ வீதியில் ஒரு ஏடிஎம். அம்மாவின் மருந்துக்கு 4,000 ரூபாய் கேட்டேன். நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது, கரண்ட் போனது. திரும்பி வந்தபோது திரையில் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி! காசு வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்திருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.

அன்றிலிருந்து மனசில் ஒரு கேள்வி: இந்த மாதிரி பெட்டிக்கு இயங்குதளத்தை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அதுவாக அமைந்துவிடுகிறது. ஏடிஎம்முக்குள் கார்டு ரீடர், பணம் தள்ளும் கருவி, பிரிண்டர் எல்லாம் தனித்தனி. இவற்றோடு மென்பொருள் பேசுவதற்கான பொது மொழி எக்ஸ்எஃப்எஸ். அது மைக்ரோசாஃப்ட் பக்கம் பிறந்து விண்டோஸை ஒட்டியே வளர்ந்தது. முன்பு ஏடிஎம்களில் கோலோச்சியது ஐபிஎம்மின் ஓஎஸ்/2. அதற்கான ஆதரவு 2006 முடிவோடு நின்றபோது, எக்ஸ்எஃப்எஸ் இருந்த பக்கமே எல்லாரும் போனார்கள்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. பெட்டிகளுக்கென வந்த எக்ஸ்பி எம்பெடட் 2016 ஜனவரி வரையும், போஸ்ரெடி 2009 என்ற பதிப்பு 2019 ஏப்ரல் வரையும் திருத்தங்கள் பெற்றன. மூன்றுக்கும் முகம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆயுள்தான் வேறு. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது: ஆதரவு உள்ள பதிப்புக்கு செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, மார்ச்சுக்குள் 75, 2019 ஜூனுக்குள் மொத்த ஏடிஎம்களும் மாற வேண்டும்.

"லினக்ஸ் போட்டிருந்தா பிரச்சினையே இல்லையே" என்பீர்கள். சென்னை வோர்டெக்ஸ் நிறுவனம் ஐஐடி மெட்ராஸ் துணையோடு கிராமங்களுக்காக உருவாக்கிய, சூரிய மின்சாரத்திலும் ஓடக்கூடிய கிராமடெல்லரில் லினக்ஸ்தான். பிரேசிலில் பான்ரிசுல் வங்கியும் லினக்ஸ் ஏடிஎம்களை ஓட்டியது. முடியாத காரியமல்ல. ஆனால் ஐந்து வருஷம் திருத்தம் போடாத லினக்ஸும் பழைய எக்ஸ்பியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

கரண்ட் விஷயமும் அப்படித்தான். பொது இடத்துப் பெட்டியை யாரும் முறையாக ஷட்டவுன் செய்யப் போவதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த ஊர் எங்களுடையது. மின்சாரத்தை நம்ப மாட்டோம். அதனால் இயங்குதளம் உள்ள பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டி, பணப் பரிவர்த்தனைப் பதிவை மட்டும் தனிப் பகுதியில் உடனுக்குடன் எழுத வேண்டும். எக்ஸ்பி எம்பெடடில் இந்தப் பூட்டுக்கு ரைட் ஃபில்டர், லினக்ஸில் ஓவர்லே. இரண்டிலும் வசதி இருக்கிறது, போட்டார்களா என்பதுதான் கேள்வி.

ஆக, பெயரைவிட முக்கியமாக நான் கேட்பவை மூன்று. பெட்டி நிற்கப்போகும் கடைசி வருஷம் வரை திருத்தம் வருமா? உள்ளிருக்கும் கருவிகளுக்கான டிரைவரை யார் புதுப்பிப்பார்கள்? வேலை நடக்கும்போதே கரண்ட் போனால் என்ன ஆகும்?

கடலூரில் ஒரு சின்ன டோக்கன் பெட்டி செய்தபோது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிளக்கை நூறு தடவை பிடுங்கிப் பார்த்தேன். பதினேழாவது தடவை படுத்துவிட்டது. அதைச் சரிசெய்த பிறகுதான் வெளியே வைக்க மனசு வந்தது.