கெண்டைக்காலில் தோன்றும் குரக்குவலி: வீட்டிலேயே செய்யத்தக்க பரிகாரங்கள்

பகல் முழுவதும் நாற்று நட்டோ, செங்கல் சுமந்தோ, வகுப்பறையில் நின்றோ உழைத்துவிட்டு உறங்கச் செல்பவர், நடுநிசியில் திடீரென்று அலறி எழுந்து காலைப் பற்றிக் கொள்வதுண்டு. கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகித் திரண்டு நிற்கும். வலியோ பொறுக்க முடியாததாக இருக்கும். சில விநாடிகளில் அது தணிந்துவிடலாம். பல நிமிடங்கள் நீடிப்பதும் உண்டு. இதனைக் குரக்குவலி என்பது பழைய வழக்கு. 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்றும், 'சதை பிடித்துக்கொண்டது' என்றும் மக்கள் கூறுவர். வயது முதிர்ந்தோரும், கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் உள்ள பெண்களும் இதனால் அதிகமாக வருந்துகின்றனர். பெரும்பாலும் இது அபாயமற்றது. ஆயினும், இதற்கெனக் கண்ட மருந்தை உண்பதால் அபாயம் நேரக்கூடும். ஆகவே இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

தசை ஏன் இறுகுகிறது?

தசை தானாகவே சுருங்குவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து வரும் இயக்க நரம்புகள் கட்டளையிட்டால்தான் அது சுருங்கும். குரக்குவலியின்போது இந்நரம்புகள், நமது விருப்பத்திற்கு மாறாக, இடைவிடாது கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. களைத்த தசையிலும், நீளம் குறைந்த நிலையிலுள்ள தசையிலும் இது எளிதில் நிகழ்கிறது. நாம் படுத்துறங்கும்போது பாதம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. கனமான போர்வை இருப்பின் இன்னும் அதிகமாகச் சாயும். அப்பொழுது கெண்டைத் தசை குறுகிய நிலையில் இருக்கிறது. அந்நிலையில் காலை நீட்டி முறித்துச் சோம்பல் தீர்க்க முயன்றால், தசை மேலும் சுருங்கி இறுகிக்கொள்கிறது. இரவு வேளையில் குரக்குவலி மிகுதியாகக் காணப்படுவதற்கு இதனை ஒரு முக்கிய காரணமாகக் கருதுகின்றனர்.

வலி வந்தவுடன் செய்யவேண்டுவது

இறுகிய தசையை நீட்டுவதே உடனடியான பரிகாரம். தசை நீட்டப்படும்போது அதன் நாணில் உள்ள உணர்வு உறுப்புகள் முதுகுத்தண்டிற்குச் செய்தி அனுப்பி, இயக்க நரம்புகளின் மிகையான வேகத்தை அடக்குகின்றன என்று விளக்கம் கூறுவர். செய்யும் முறை வருமாறு: எழுந்து உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டவேண்டும். பாதத்தின் முன்பகுதியைக் கையால் பற்றி, விரல்கள் முகத்தை நோக்கி வரும்படி மெல்ல இழுத்துப் பிடிக்கவேண்டும். கை எட்டாதவர் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி அதன் இரு முனைகளையும் இழுக்கலாம். வெடுக்கென இழுத்தல் கூடாது. இறுக்கம் தளரும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், அப்படியே வைத்திருந்தால் போதும். விரல்களைக் கீழ்நோக்கி மடக்குவது வலியை அதிகப்படுத்தும்.

எழுந்து நிற்கக்கூடியவர் குதிகாலைத் தரையில் ஊன்றி உடலின் பாரத்தை அக்காலில் செலுத்தலாம். முதியோர் இருளில் தனியே எழுந்து தடுமாறி விழாதபடி கட்டிலையோ சுவரையோ பற்றிக்கொள்ளவேண்டும். இறுக்கம் நீங்கியபின் சதையை மெல்லத் தேய்த்துவிடலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றடமும் இடலாம். நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியோர்க்குச் சூட்டை அளவறிந்தே இடவேண்டும். சுடுவது தெரியாமல் தோல் வெந்துபோகக்கூடும்.

வராமல் தடுத்தல்

உறங்குமுன் தசைகளை நீட்டிப் பழகுதல் எளிய தடுப்பு முறையாகும். சுவரிலிருந்து சுமார் இரண்டு அல்லது மூன்று அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால்கள் தரையிலிருந்து எழாதபடி உடலை முன்னே சாய்க்கவேண்டும். கெண்டைக்கால் இழுபடுவதை உணர்ந்ததும் 10 விநாடி நிறுத்தி, பின்பு தளர்த்தவேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தல் வேண்டும். நெதர்லாந்து நாட்டில் 55 வயதிற்கு மேற்பட்ட 80 பேரிடம் ஆறு வாரங்கள் நடத்தப்பெற்று 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், படுக்குமுன் இத்தகைய பயிற்சி செய்தோர்க்குக் குரக்குவலி வரும் தடவைகள் குறைந்தன. எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே முடிவைத் தரவில்லையெனினும், செலவும் தீங்கும் அற்ற இம்முறையைக் கையாண்டு பார்ப்பது தகும். கால்மாட்டில் போர்வையை இறுக்கிச் செருகாமல் தளர்வாக விடுவதும் நன்று. மக்னீசிய மாத்திரைகள் முதியோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் தருவதாகத் தெரியவில்லை.

வெயிலில் வருவது வேறு

வேனிற்காலத்தில் சூளையிலும் சாலைப்பணியிலும் கடுமையாக உழைப்போரின் கால், கை, வயிற்றுத் தசைகளில் உண்டாகும் பிடிப்பு வேறு வகையைச் சார்ந்தது. வியர்வையில் நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. இங்கிலாந்தின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்து உழைத்தவர்கள் வெறும் நீரை மிகுதியாகப் பருகியதால் இப்பிடிப்பிற்கு உள்ளாயினர் என்றும், சிறிது உப்புச் சேர்த்த நீர் அதனைத் தணித்தது என்றும் 1923 ஆம் ஆண்டில் நெவில் மாஸ் என்பார் எடுத்துக்காட்டினார்.

இத்தகையோரை நிழலில் அமர்த்தி, தசையை நீட்டிவிட்டு, உப்பிட்ட மோரோ கஞ்சியோ சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த நீரும் ஏற்றது. பேதியுடனும் வாந்தியுடனும் காலில் பிடிப்புத் தோன்றினால் அது காலராவாகவும் இருக்கலாம். இதே கரைசலை இடைவிடாது கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஆனால், வெயிலில் வருவதற்குரிய உப்பு இரவில் வருவதற்கும் மருந்தென எண்ணுவது தவறு. இரத்த அழுத்தம் உடைய முதியவர் இரவுக் குரக்குவலிக்காக உப்பை அதிகமாக உண்பதால் பயனில்லை, தீமையே உண்டு.

கொயினா வேண்டாம்

சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொயினா மலேரியாவிற்குரிய மருந்து. இதற்காகவே 1860-களில் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் அம்மரம் பயிரிடப்பட்டது. இரவில் வரும் குரக்குவலியை இது குறைப்பதாக 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இருவர் எழுதினர். அதன்பின் பலரும் இதனை உண்ணலாயினர். இது வலி வரும் தடவைகளை ஓரளவு குறைப்பது மெய்யே. எனினும், இரத்தம் உறைய உதவும் நுண்தட்டுகள் சிலருக்குத் திடீரெனக் குறைந்து இரத்தப் பெருக்கு ஏற்பட்டது, இதயத்துடிப்பும் சீர்கெட்டது, உயிரிழந்தோரும் உண்டு. குரக்குவலிக்கென இதனை மருத்துவரின் சீட்டின்றி விற்பதை அமெரிக்க அரசு 1994-இல் நிறுத்தியது. ஓர் இரவு உறக்கத்திற்காக உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது.

மருத்துவரிடம் அனுப்பவேண்டியவர்கள்

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறிச் சிவந்து, வலி விடாமல் இருப்பின் அது குரக்குவலி அன்று. ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அக்காலைத் தேய்த்தல் கூடாது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் மரணம் நேரலாம். நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். நடக்கும்போது தோன்றி நின்றால் தணியும் வலி, குறிப்பாகப் பீடி, சிகரெட் புகைப்போரிடத்தில், காலின் தமனிகள் குறுகியதைக் காட்டலாம். சதை மெலிவு, வலுவின்மை, உணர்ச்சிக் குறைவு ஆகியவை உடனிருந்தாலும் மருத்துவரை நாடவேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை முதலியவற்றைத் தொடங்கிய பின்னர்க் குரக்குவலி தோன்றுமாயின், மருந்தைத் தாமாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்கவேண்டும். வெயிலில் உழைத்தவர் பிதற்றினாலோ, நினைவு தடுமாறினாலோ, அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம்; உடலின்மீது நீரூற்றிக் குளிர்வித்தவாறே தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

காலை நீட்டிப் பாதத்தை முகத்தை நோக்கி இழுக்கும் முறையை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு வகுப்பிலேயே செய்து காட்டலாம். அவர்கள் வீடு சென்று பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் கற்பிப்பர். களப்பணியாளர்கள் கிராமங்களில் விசாரிக்கும்போது, இரவில் வந்ததா வெயிலில் வந்ததா, ஒரு கால் வீங்கியிருக்கிறதா, இதற்கென மாத்திரை ஏதேனும் உண்கிறாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பாராயின், வீட்டிலேயே தீர்வதையும் வீட்டில் வைத்திருக்கலாகாததையும் பிரித்தறிய அவையே பெரிதும் துணைபுரியும்.