கடைசி மூன்றடிக் கம்பி

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரையில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு மோடத்தின் இரைச்சல் மறந்திருக்காது. கீச்சிட்டு, இரைந்து, அடங்கும். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து, நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் இணைப்பு கிடைத்துவிட்டதாகச் சொல்லும். பல கணினிகளில் இப்படித்தான் வந்தது. சென்டர்காரருக்கு அதில் பெருமை வேறு.

டயல்-அப் மோடத்துக்கு டெலிபோன் கம்பியில் அந்த வேகம் வரவே வராது. 1994-இல் வந்த வி.34 மோடத்தின் உச்சம் நொடிக்கு 28.8 கிலோபிட். இரண்டு ஆண்டில் அது 33.6 ஆயிற்று. 1998-இன் வி.90, காகிதத்தில் மட்டும் 56. அப்படியானால் அந்த 1,15,200 எங்கிருந்து வந்தது? கணினியின் முதுகிலிருந்து மேசைமேல் இருக்கும் மோடத்துக்குப் போகிற மூன்றடிக் கம்பியின் வேகம் அது. அந்தக் கம்பி செருகியிருக்கும் இடம்தான் சீரியல் போர்ட்.

வெளியே டெலிபோன் கம்பி இத்தனை மெதுவாக இருக்கும்போது, மூன்றடிக் கம்பி எந்த வேகத்தில் ஓடினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடறுகிறது. சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட் சேரும். எட்டு பிட் சரக்குக்குப் பத்து பிட் இடம். மோடங்கள் இரண்டும் தமக்குள் வி.42 முறையில் பேசும்போது இந்த இரண்டையும் கழற்றிவிடுகின்றன. ஆக 33.6 கிலோபிட் டெலிபோன் கம்பி, சில்லறைக் கழிவுகளை விட்டுவிட்டால், நொடிக்கு 4,200 பைட் கொண்டுவரும். சீரியல் போர்ட்டை 38,400-இல் வைத்திருந்தால் அது வாங்கிக்கொள்வது 3,840 பைட்தான். எண்ணில் பெரியது, வேலையில் சிறியது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மடையின் அளவுதானே வயலுக்குப் பாயும்!

இதற்கு மேல் சுருக்கம் வேறு. வி.42 பிஸ் முறையில் மோடம், திரும்பத் திரும்ப வரும் எழுத்துக் கோவைகளைச் சுருக்கி அனுப்பும். நல்ல நேரத்தில் நான்கில் ஒரு பங்காகக்கூடக் குறையும். டெலிபோன் கம்பியில் 28.8 கிலோபிட்டாக வருவது, மோடத்தில் விரிந்து 115.2 ஆகிறது. விரிந்த சரக்கு முழுவதும் அந்த மூன்றடிக் கம்பி வழியாகத்தான் கணினிக்குள் போகவேண்டும்.

தமிழுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற டேப் குறியீட்டில் ஓர் எழுத்து வடிவத்துக்கு ஒரு பைட். யுனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அதில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி. மோடத்துக்கு அப்படிப்பட்ட பக்கம் சர்க்கரைப் பொங்கல். சீரியல் கம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது; மூன்று பைட்டும் விரிந்தபடியேதான் போகவேண்டும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படத்தில் மட்டும் மோடத்தின் வித்தை பலிக்காது.

வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் முடியாது. 1,15,200-இல் 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வந்து விழும். பழைய 8250 சில்லில் வந்த பைட் காத்திருக்க ஒரே ஓர் இடம். பிராசஸர் வேறு வேலையில் இருந்தால் அடுத்த பைட் அதன்மேல் ஏறிவிடும். ஒரு பைட் போனாலும் அது இருந்த தரவுப் பொட்டலம் முழுவதும் செல்லாது. மறுபடி வரவழைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டியதாலேயே இணையம் மந்தமாகும் வேடிக்கை இப்படித்தான் நடந்தது. 16 பைட் காத்திருப்பு வரிசையோடு 16550ஏ சில்லு வந்தபிறகுதான் 1,15,200 நம்பத்தக்க எண் ஆயிற்று.

மதுரைக்கு வடகிழக்கே மேலூரில் இந்தக் கதை இன்னொரு வடிவம் எடுத்தது. 2001 நவம்பரில் அங்கே 'சாரி' திட்டத்தின் கிராம இணைய மையங்கள் தொடங்கின. சென்னை ஐஐடி, எம்ஐடி மீடியா லேப், ஹார்வர்ட், என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து செய்த முயற்சி. டெலிபோன் கம்பிக்குப் பதில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் ஐஐடி குழு மைதாஸ் நிறுவனத்தோடு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். மேலூர்ப் பக்கம் ஆங்காங்கே பாறைக் குன்றுகள் உண்டு. மற்றபடி தட்டை நிலம், வானொலி அலைக்குத் தோதானது.

மையத்தின் சுவரில் ஒரு பெட்டி. அதில் டெலிபோன் செருக ஒரு துளை, கணினிக்கு ஒரு சீரியல் போர்ட். மோடம் கிடையாது, பிட்டை ஒலியாக்கி மறுபடி பிட்டாக்கும் வேலையே இல்லை, இரைச்சலும் இல்லை. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது டயல்-அப்தான். யாராவது டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தால் இணையத்துக்கு 35 கிலோபிட். பேச்சு முடிந்தால் 70. அந்த எழுபதும் முழுதாக வந்தால் நொடிக்கு 8,750 பைட். போர்ட்டை 57,600-இல் விட்டிருந்தால் 5,760-க்குமேல் உள்ளே வராது. அதற்கு அடுத்த படி 1,15,200, வேறு வழியில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்த மையங்களிலிருந்து வெப்கேமராவில் எடுத்த கண் படங்களைப் பார்த்து ஆலோசனை சொன்னது. அவை ஜேபெக் படங்கள் என்றால் சுருக்கத்தின் உதவி கிடைத்திருக்காது. எடுத்த எடுப்பிலேயே உண்மையான வேகம் வேண்டும். நாற்பது கிலோபைட் படம் 70 கிலோபிட்டில் ஐந்து நொடிக்குள் போகும். போர்ட் 9,600-இல் நின்றிருந்தால் முக்கால் நிமிடத்துக்கு நெருக்கமாகும்.

அந்த மையங்களில் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருமானம், பராமரிப்பு, அரசு அலுவலகங்களின் ஒத்துழைப்பு என்று அதற்குக் காரணங்கள் வேறு. வேகத்தின்மேல் மட்டும் பழிபோட முடியாது. ஆனால் 2004-இல் வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கிலோபிட் என்றது. பழைய பிசியின் சீரியல் போர்ட் 115.2-ஐத் தாண்டாது. அதனால் பிராட்பேண்ட் மோடங்களைக் கணினியோடு ஈதர்நெட் கம்பியிலோ யுஎஸ்பியிலோ இணைத்தார்கள்.