கார்த்திகைப்பூவும் வேலி நிழலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐப்பசி மழை விழுந்து நிலம் குளிர்ந்ததும், எவரும் நாட்டாததும் எவரும் நீர் வார்க்காததுமான கொடியொன்று வேலியோரங்களிலும் பற்றைகளிலும் தலைநீட்டுகின்றது. கார்த்திகையிற் பூப்பதனால் இது கார்த்திகைப்பூ எனப்படும். சங்கப் புலவர் காந்தள் என்று பாடியதும், தமிழ்நாட்டார் கண்வலிக்கிழங்கு என வழங்குவதும், சிங்களத்தில் நியங்கலா எனப்படுவதும் இதுவேயாம். கிழங்கு கலப்பைபோல் வளைந்திருத்தலின் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு.

இதன் அழகை விரும்பிக் கிழங்கைத் தோண்டி வீட்டு வளவில் நடுவோர் பலர். மாமரத்தின் கீழோ, விறாந்தையோரத்துச் சாடியிலோ நட்ட கொடி மெலிந்து நீண்டு, இலை வெளிறி, ஓரிரு பூவுடன் ஓய்ந்துவிடும். மறு ஆண்டு அதுவும் இல்லை. பசளை போதாதென்று எண்ணி மேலும் மேலும் எருவிடுவது வழக்கமாயிருக்கின்றது. குறை எருவில் இல்லை, வெளிச்சத்தில் உள்ளது.

கொடி தானாக வளரும் இடத்தைச் சற்று நின்று நோக்கினால் இது விளங்கும். அடிப்பாகம் கிளுவை, பூவரசு முதலிய கதியால்களின் நிழலில், சருகு மூடிய ஈரமண்ணில் இருக்கும். இலைகளின் நுனி தந்துபோற் சுருண்டு கதியாலைப் பற்றும். அவ்வாறு ஏறிய கொடி, வேலிக்கு மேலே வெய்யில் கண்ட பின்னரே மேலிலைகளின் கக்கத்திற் பூக்கும். பாதம் நிழலிலும் தலை வெய்யிலிலும் இருப்பதே இதன் விருப்பம்.

பழைய கிழங்கு ஆண்டுதோறும் வற்றிப்போகும். அதன் இடத்திற் புதுக்கிழங்கு உண்டாகும். இப்புதுக்கிழங்கு இலைகள் வெய்யிலிற் சமைத்த உணவினாலேயே பருக்கின்றது. நிழலில் நின்ற கொடி சிறுகிழங்கையே வைக்கும். சிறுகிழங்கிலிருந்து வரும் கொடி பூவாது போகலாம். இவ்வாண்டு தவறிய வெய்யிலின் நட்டம் வருமாண்டிலேதான் தெரிகின்றது. எருவைக் குறைகூறுவதற்கும் இதுவே காரணம்.

இடந்தெரிவதற்குத் திசையை அறிதல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்லும். நவம்பர் 20ஆந் தேதியளவில், குடாநாட்டில், ஆறடி உயரமான வேலியின் நிழல் நண்பகலில் வடக்கே ஏறக்குறைய மூன்றரை அடி தூரம் விழும். டிசம்பர் 22இல் அது நான்கடியாகும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் வேலியாயின் தென்புறமே ஏற்றது. வடபுறத்து முளைத்த கொடியும் உச்சியை எட்டினால் பூக்குமாயினும், எட்டும்வரை ஏறுவதிலேயே கிழங்கின் சேமிப்பைச் செலவிட்டுவிடும். வடக்கு தெற்காக ஓடும் வேலியில் இருபுறமும் அரைநாள் வெய்யில் விழும், எப்பக்கமும் ஆகும்.

இக்காலத்தில் உயிர்வேலிகள் நீங்கி மதில்கள் எழுகின்றன. கதியால்களினூடே ஒளி கசியும், மதிலினூடே கசியாது. மதிலோரத்தில் நடுவோர் தென்புறத்தில் ஒரு கிளுவைக் கதியாலை ஊன்றி, அதனடியில் நடுவதே தக்கது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதிகளில் இதை விதைக்காகப் பயிரிடும் கமக்காரரும் முட்கிளுவையையே கொழுகொம்பாக வைக்கின்றனர். விதையிலிருந்து எடுக்கப்படும் கொல்கிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்தாகும்.

வேலியின் தழையை மழைக்கு முன், புரட்டாதியில் வெட்டுதல் நன்று. வெட்டிய தழை தோட்டத்துக்குப் பசளையாகும். கொடிக்கும் வெளிச்சம் திறக்கும். மொட்டையாக வெட்டிவிடாது, அடியில் நிழல் இருக்க மேற்புறத்தை மட்டும் குறைத்தல் வேண்டும். முளை கண்ட பின் அவ்விடத்திற் கத்தியோ மண்வெட்டியோ படலாகாது. கிழங்கின் ஒவ்வொரு கையிலும் நுனியில் ஒரேயொரு முளையே உண்டு. அது முறிந்தால் அக்கை பயனற்றது. நடும்போது கிழங்கைக் கிடையாக, நான்கு அங்குல ஆழத்தில் வைக்க வேண்டும்.

இக்கொடி முழுவதும் நஞ்சு; கிழங்கு கொடிய நஞ்சு. வற்றாளை என்றோ வேறு கிழங்கென்றோ எண்ணி உண்டோர் இறந்திருக்கின்றனர். இலங்கையில் இதனை உண்டு உயிர்தப்பிய ஒரு பெண்ணின் மயிர் முழுவதும் உதிர்ந்தமை 1966ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. எவரேனும் உண்டதாக ஐயம் எழுந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்க. கிழங்கைக் கையாண்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சிறுவர் விளையாடும் முற்றத்திலும், மரவள்ளி, வற்றாளைப் பாத்திகளின் அருகிலும் நடவே வேண்டா.

மாரி கழிந்து கொடி மஞ்சளித்து மடிந்தபின் நீர் விடுதல் கூடாது. கிழங்கு மண்ணிலேயே உறங்கட்டும். கோடையில் நிலத்தின்மேல் அடையாளம் ஒன்றும் இராது. ஆதலால் கொடி மடியுமுன்பே அவ்விடத்தில் ஒரு முளைக்கம்பை அறைந்து, வீட்டார் யாவருக்கும், கொத்த வரும் கூலியாளுக்கும் அதைக் காட்டிவைத்தல் வேண்டும்.