மனசு சரியில்லாதவருக்குப் பிடிச்ச சாப்பாடு: உண்மையிலேயே வேலை செய்யுமா?

வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடும், இன்னைக்கு ஏதோ சரியில்லை என்று. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சீரக சம்பா ஊறத் தொடங்கும்.

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் இது பழகிப்போன காட்சி. ஆம்பூர், ராணிப்பேட்டையோடு சேர்ந்து தோல் தொழிலை நம்பி வாழும் ஊர் இது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும், ஓவர்டைம் போகும், வீட்டில் பேச்சும் குறையும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, இந்தப் பகுதி முழுக்க இருந்த ஒரே கேள்வி, "நம்ம வேலை நிக்குமா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பிரியாணியிடம் பதில் இல்லை. ஆனாலும் வீடுகள் அடுப்பைத்தான் பற்றவைக்கின்றன. அதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

முதலாவது, 2014-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டிரேசி மேன் குழுவினர் வெளியிட்டது. மனதைச் சோர்வாக்கும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு சிலருக்கு மிகவும் பிடித்த உணவு, சிலருக்கு வேறு உணவு கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறியது. அதாவது, பிடித்த உணவுக்குத் தனி மந்திரசக்தி எதுவும் இல்லை.

இரண்டாவது, 2011-ல் ஜோர்டன் டிராய்சி, ஷிரா கேப்ரியல் இருவரும் வெளியிட்டது. சிக்கன் சூப்பை மனதுக்கு ஆறுதலான உணவாக நினைப்பவர்கள் அதைக் குடித்தபோது, உறவு சம்பந்தப்பட்ட சொற்கள் அவர்கள் மனதில் சுலபமாக வந்தன. நெருங்கிய உறவுகளில் நம்பிக்கையோடு இருப்பவர்கள், ஆறுதலான உணவைப் பற்றி எழுதியபோதே தனிமை உணர்வு குறைந்ததாம்.

முதல் ஆய்வில் தட்டை நீட்டியது ஆய்வுக்கூடம். வீட்டில் தட்டை நீட்டுவது அம்மாவோ, மனைவியோ, அண்ணனோ. "நீ சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியுது" என்ற சேதி அந்தத் தட்டோடு சேர்ந்து வருகிறது. ஆறுதலின் பெரும்பங்கு அதில்தான் இருக்க வேண்டும்.

வாசனைக்கும் ஒரு பங்கு உண்டு. மற்ற புலன்களின் தகவல்கள் மூளையில் 'தலாமஸ்' என்ற சந்திப்பைக் கடந்துதான் போகும். வாசனை மட்டும் உணர்ச்சி, ஞாபகம் சார்ந்த பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. புதினா வதங்கும் வாசனை ஒருவரைச் சின்ன வயசு பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கே கூட்டிப்போவது இதனால்தான்.

வாணியம்பாடிப் பக்குவம் எப்படி?

ஆற்காடு நவாப்களின் சமையலறை வழியாக வந்தது என்று இந்தப் பகுதியினர் சொல்லும் பிரியாணி இது. பாசுமதி கிடையாது, பொடி மணியான சீரக சம்பாதான். மிளகாய்த்தூளுக்குப் பதில் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய். மசாலா நெடி குறைவு என்பதால் சாப்பிட்டபின் வயிறு கனக்காது.

நாலு பேருக்கு அரை கிலோ அரிசி, அதே எடைக்குக் கறி. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கணும். இஞ்சி-பூண்டு விழுதின் பச்சை வாசனை போனதும் கறி, எட்டுப் பத்து மிளகாயின் விழுது, தக்காளி, தயிர், புதினா, கொத்தமல்லி, உப்பு. கறி நன்றாக வேகட்டும்.

அரை மணி நேரம் ஊறிய அரிசியை உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறியோடு சேர்த்து மெதுவாகக் கிளறி மூடி போட்டு, சின்னத் தீயில் 15-20 நிமிஷம் தம். இறக்கியதும் இன்னும் பத்து நிமிஷம் மூடியைத் தொடக்கூடாது. அவசரப்பட்டால் அரிசி உடையும். தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் குழம்பும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும்.

சென்னையிலோ பெங்களூருவிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியலாம். பரவாயில்லை. சோர்ந்திருப்பவருக்குப் பிடித்தது ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் என்றால், அன்றைக்கு அதுதான் பிரியாணி.

எதைக் கவனிக்கணும்?

* உங்களுக்கு நன்றாக வருவதைச் செய்யாமல், அவருக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். தெரியாவிட்டால் அவருடைய அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஒரு போன் போதும்.
* "உனக்காக மூணு மணி நேரம் நின்னேன்" என்று சொல்லிக்காட்ட வேண்டாம். ஆறுதல் கடனாக மாறிவிடும்.
* பாதித் தட்டோடு எழுந்தால் விட்டுவிடுங்கள். மனம் சோர்ந்தால் பசியும் குறையும். மிச்சத்தை மூடி வைத்தால் ராத்திரி அவரே தேடி வரலாம்.
* சாப்பிடும்போது கேள்வி கேட்காமல் கூட உட்காருங்கள். பேச்சு வந்தால் தானாக வரும்.
* சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் அளவும் உப்பும் பார்த்து.

சாப்பாடு போதாதபோது?

ஒரு மோசமான நாளுக்குச் சாப்பாடு துணை நிற்கும். நோய்க்கு நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, பசியின்மை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்கணும். "நான் இல்லாமப் போனாலே நல்லது" என்பது போலப் பேசினால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். அந்த அழைப்பைச் செய்யும்போதும் பக்கத்தில் உட்கார ஒருவர் தேவை.

மூடியைத் திறந்ததும் வரும் ஆவி வேலையைத் திருப்பித் தராது, ஆர்டரையும் கொண்டுவராது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்ற கேள்விக்கு, இரண்டு நாளாக வாய் திறக்காதவர் "ம், வை" என்று சொன்னால் போதும். வீட்டில் மறுபடி பேச்சு தொடங்கிவிட்டது.