மரம் சாய்க்குமுன் சற்றே நில்லுங்கள்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்குச் செல்லும் சாலையில் காலை வேளையில் நடந்து போகிறவர் காதில், பெரிய வண்டு இரைவது போன்ற ஓசை ஒன்று அடிக்கடி விழும். தைலமரத் தோப்பிலிருந்தோ, முந்திரிக் கொல்லையிலிருந்தோ, சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்கரையிலிருந்தோ அது எழும். மரம் அறுக்கும் இயந்திரத்தின் ஓசை அது. எங்கள் இளமையில் இவ்வேலைக்குக் கோடரியும், இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் நீண்ட ரம்பமுமே கருவிகள். அன்று இருவர் ஒரு பகல் முழுவதும் வியர்வை சிந்திச் செய்த வேலையை இன்று ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். வேலை எளிதாயிற்று, ஆபத்து நீங்கிவிடவில்லை. அது வேறு உருவில் வந்து நிற்கிறது. அதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் கண் முன்னே கண்டேன். அதில் எனக்கும் பங்கு இருந்தது.

ஒரு வேப்பமரத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பங்கில் திருவிழாவுக்கு முன் ஒருநாள் இரவு பெருங்காற்று அடித்தது. கோயில் வளாகத்து முதிய வேப்பமரம் வேரோடு சாய்ந்து, தேர் செல்லும் வழியை அடைத்துக்கொண்டது. கொடியேற்றத்துக்கு இரண்டே நாள்கள் இருந்தன. பக்கத்து ஊர் இளைஞர் ஒருவரை இயந்திரத்துடன் அழைத்து வந்தோம். நல்ல உழைப்பாளி. காலையிலிருந்து கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். பொழுது சாயும் வேளையில் என்னிடம் வந்து, "சாமி, செயின் மழுங்கிப் போச்சு. நாளைக்குக் காலையிலே தீட்டிக்கொண்டு வந்து மிச்சத்தை முடித்துவிடுகிறேன்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்லது தம்பி, போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னதோ வேறு. "இன்னும் இரண்டு துண்டுதானே தம்பி, இன்றைக்கே முடித்துவிடுங்களேன்" என்றேன். பங்குச் சாமியார் கேட்டதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மழுங்கிய பற்களைத் தம் உடல் பலத்தால் மரத்தில் அழுத்தினார். இலைக்குள் மறைந்திருந்த வேறொரு கிளையில் இயந்திரத்தின் நுனி பட்டது. கண் இமைப்பதற்குள் அது மேல்நோக்கி எகிறி, அவருடைய இடது தோளைக் கிழித்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு முழுவதும் இரத்தம். காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உயிர் தப்பியது, ஆனால் பல மாதங்கள் அவரால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க இயலவில்லை. பார்க்கச் சென்றபோது, அவர் மனைவி எனக்குக் காப்பி கொடுத்தாரே தவிர, குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

குணமடைந்த பின்பு அவரிடமே நான் மாணவனானேன். இயந்திரம் எப்படி இயங்குகிறது, எங்கே தவறுகிறது என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அவற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சங்கிலியும் அதன் பற்களும்

இந்த இயந்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஸ்டீல் என்னும் பொறியாளர் 1926-ல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலால் இயங்குவதையும் உருவாக்கினார். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, 1946-ல் மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டின் புழுவை உற்று நோக்கினார். அது தன் வாயின் இரு கத்திகளாலும் இடமும் வலமுமாக மரத்தைக் கடித்து முன்னேறுவதைக் கண்டு, அதே முறையில் சங்கிலிப் பற்களை அமைத்தார். இன்று நம் ஊர்களில் ஓடும் சங்கிலிகளில் இடப்பற்களும் வலப்பற்களும் மாறி மாறி அமைந்திருப்பது அந்தப் புழு கற்றுத் தந்த பாடமே.

முழு வேகத்தில் இச்சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் தூரம் ஓடுகிறது. அந்த வேகத்தில் தோல் எது, பட்டை எது என்று அது பிரித்தறியாது. இயந்திரத்தின் நீண்ட தகட்டை நம்மவர் 'பார்' என்பர். அதன் நுனியின் மேற்பாதி கட்டையில் பட்டால், சங்கிலி அறுப்பதற்குப் பதிலாகக் கட்டையைப் பற்றிக்கொண்டு, இயந்திரத்தையே அறுப்பவர் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். இதைத் தடுக்கவே, 1970-களின் தொடக்கத்திலிருந்து முன்கைப்பிடிக்கு முன்னால் கைக்காப்புடன் இணைந்த 'செயின் பிரேக்' பொருத்தப்பட்டு வருகிறது. கை அதில் மோதியதும் சங்கிலி நின்றுவிடும். நம் இளைஞரின் இயந்திரத்தில் அக்காப்பு எப்போதோ உடைந்து கழற்றப்பட்டிருந்தது. "அது இல்லாமலே ஓடுகிறதே" என்று அவரும் விட்டுவிட்டார். வேலைக்கு அழைத்த நாங்களும் கேட்கவில்லை.

பராமரிப்பே பாதுகாப்பு

பராமரிப்பு என்றவுடன் இயந்திரத்தின் ஆயுளைப் பற்றிய பேச்சு என்று பலர் எண்ணுகின்றனர். முதலில் அது மனிதரின் ஆயுளைப் பற்றியது.

சங்கிலி மழுங்கியதை அறுபட்ட தூளே சொல்லிவிடும். கூரான பல் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளைத்தான் தள்ளும். மரத்தில் புகை எழுந்தாலும், இயந்திரத்தை அழுத்தினால்தான் அறுக்கும் என்ற நிலை வந்தாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். சங்கிலிக்கு உரிய அளவுள்ள வட்ட அரத்தால், பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிநோக்கி ஒரே திசையில் தீட்ட வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும். ஒரு புறம் அதிகமாகத் தீட்டினால் அறுப்பு கோணலாகப் போகும்.

சங்கிலியின் இறுக்கமும் முக்கியம். இயந்திரத்தை அணைத்து, சூடு ஆறியபின், கையுறை அணிந்து இழுத்துப் பார்க்கலாம். பாரின் அடியில் தொங்கவும் கூடாது; கையால் நகர்த்த முடியாதபடி இறுகவும் கூடாது. தளர்ந்த சங்கிலி பாரிலிருந்து கழன்று சவுக்கு போல் வீசும். புதிய சங்கிலி விரைவில் நீளும். ஆகவே முதல் நாளில் பலமுறை பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் வேறு. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. முன்னதை இயந்திரத்தோடு வந்த கையேடு கூறும் அளவில் கலக்க வேண்டும். குறைந்தால் இயந்திரம் சூடேறி இறுகிப்போகும். சங்கிலிக்கு, வண்டியிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயை ஊற்றுகிறவர் உண்டு. அதிலுள்ள அழுக்கும் இரும்புத் துகளும் எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். சிக்கனம் என்று எண்ணுவது செலவாக முடியும். பாரின் பள்ளத்தைத் துடைத்து, அவ்வப்போது அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இருபுறமும் ஒரே சீராகத் தேயும். காற்று வடிகட்டியை நாள்தோறும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஊற்றிய இடத்திலேயே அதை முடுக்கவும் கூடாது.

விழுந்த மரமும் ஆபத்தே

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது தனிக் கலை. சாய வேண்டிய திசையில் முதலில் ஆப்பு வடிவில், தடிமனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முன்வெட்டு இடுவர். பின்பு எதிர்ப்புறத்திலிருந்து, அதற்குச் சற்று மேலாக அறுத்து வருவர். இரண்டுக்கும் நடுவே, தடிமனில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் போல, மரத்தைப் பிடித்து மெல்லச் சாய்ப்பது அந்தப் பகுதியே. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். அறுப்பவர் பின்புறம் சாய்வாக விலகி ஓடும் வழியை முன்னதாகவே செதுக்கிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மற்றவர் அனைவரும் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். மின்கம்பி அருகே சென்றால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

புயலில் விழுந்த மரமோ இன்னும் வஞ்சகமானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளை அடியோடு வீழ்த்தியது. சாலைகளைத் திறக்க அந்நாள்களில் இந்த இயந்திரங்களே பெருந்துணை செய்தன. ஆயினும் விழுந்த மரம் உறங்கும் மரம் அன்று. மற்றொரு மரத்தின் மேலோ சுவரின் மேலோ வளைந்து கிடக்கும் தண்டு, நாணேற்றிய வில் போன்றது. வளைவின் உட்புறம் நெருக்குண்டும், வெளிப்புறம் இழுபட்டும் இருக்கும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பிறகே இழுபட்ட பக்கத்தை மெல்ல அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தண்டு வெடித்துத் திமிறி ஆளை அடிக்கும்.

இன்னொன்றையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியில் பெரிய பள்ளம் இருக்கும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு இடமாகத் தோன்றும். தண்டை அறுத்த மறுகணம், மண்ணோடு எழுந்து நிற்கும் வேர்க்கட்டை பழைய இடத்துக்கே திரும்பிப் பள்ளத்தை மூடிவிடக்கூடும். மரம் அறுக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள்.

நமக்கும் பொறுப்பு உண்டு

மரம் அறுப்போரில் பலர் லுங்கியும் இரப்பர் செருப்பும் அணிந்து, தோளில் துண்டுடன் வேலை செய்கின்றனர். தொங்கும் துணியைச் சங்கிலி பற்றி இழுத்துக்கொள்ளும். உடலோடு ஒட்டிய கனமான உடை, காலணி, தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. நாள் முழுதும் அந்த ஓசையைக் கேட்பவர் செவிப்புலனை மெல்ல இழப்பார். அதிர்வால் விரல்கள் மரத்துப்போகும். தனியாக ஒருவரை இவ்வேலைக்கு அனுப்பவும் கூடாது.

இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. காட்டில் ஒருவன் மரம் வெட்டுகையில் கோடரி காம்பிலிருந்து கழன்று உடன் வந்தவன்மேல் பட்டு, அவன் இறந்துபோனால், வெட்டியவன் அடைக்கல நகருக்கு ஓடிப் பிழைக்கலாம். பகையின்றி நேர்ந்த விபத்துக்கு அங்கே இரக்கம் உண்டு. அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: காலையில் அந்தக் காம்பை ஒருவர் அசைத்துப் பார்த்திருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

ஆகவே மரம் அறுக்க ஆள் அழைக்கும் குடும்பத் தலைவர்களே, கூலியைப் பேசுமுன் செயின் பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். தீட்டுவதற்கு ஆகும் அரை மணி நேரத்தையும் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். "இன்று போதும்" என்று அவர் சொன்னால், "இன்னும் இரண்டு துண்டுதானே" என்று சொல்லாதீர்கள்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் தேர் எப்படிச் சென்றது தெரியுமா? அறுபடாமல் கிடந்த அடிமரத்தைச் சுற்றி, பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகச் சென்றது. ஒரு குறையும் நேரவில்லை. நான் அவசரப்படுத்தியிருக்கத் தேவையே இருக்கவில்லை.