கோழிக் கொட்டிலுக்குக் குளிர்காப்பு வேண்டுமா?

தீபாவளி கழிந்து ஒரு திங்கள் சென்றதும் தில்லியில் வீட்டுக்கு வீடு ரஜாய்கள் வெளியே வருகின்றன. நாம் போர்த்திக்கொள்கிறோம், கொல்லையிலுள்ள கோழிகள் என்ன செய்யும் என்னும் கவலை, நாலைந்து கோழி வளர்க்கும் எவருக்கும் அப்பொழுது எழுவது இயல்பே. நம் ஊர்ப்புறத்தில் ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினால் போதும். இங்கோ ஜனவரியில் சில இரவுகளில் குளிர் 3, 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுகிறது. ஆகவே, கொட்டிலின் சுவர்களில் தெர்மோகோல் பலகை அடிக்கலாமா, சாக்குக் கட்டலாமா என்று வினவும் அன்பர்கள் பலர்.

இக்கேள்விக்கு நான் விடை கற்றது என் பிழையினால். கோழி வளர்க்கத் தொடங்கிய முதற் குளிர்காலத்தில், ஆறு பெட்டைகள் இருந்த மரக் கொட்டிலின் கம்பி வலை முழுவதையும் பாலிதீன் தாளால் மூடி, இடுக்குகளிற் பழந்துணியைத் திணித்தேன். மூன்றாம் வாரம் அவற்றின் மூக்கில் நீர் வழிந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கின. இரண்டு இறந்தன. அவற்றுள் ஒன்று, என் தாயார் தம் மடியில் வைத்துத் தீனியூட்டிய சிவப்புக் கோழி. "குளிர் தாங்கவில்லையடா, இன்னும் நன்றாக மூடு" என்றார்கள். கரியடுப்பாகிய அங்கீட்டியை உள்ளே வைப்பதென்று கூட முடிவு செய்திருந்தேன்.

நல்ல வேளையாக அன்று கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். கொட்டிலுக்குள் தலையை நீட்டியவர் கண்களைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். எச்சத்திலிருந்து எழுந்த அம்மோனியாவின் காரம்! தகரக் கூரையின் அடியில் நீர்த்துளிகள் முத்து முத்தாகத் தொங்கின. கோழிகளைக் கொன்றது குளிரன்று, நான் அடைத்துவைத்த காற்றே என்று அவர் விளக்கியபோது எனக்குப் பேச்செழவில்லை.

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. இறகுகளைச் சிலிர்த்து, அவற்றிடையே காற்றைத் தேக்கிக்கொண்டு உட்காரும் கோழி, தன் ரஜாயைத் தானே சுமந்து திரிகிறது. உலர்ந்த உடலோடு, காற்று நேரே அடிக்காத இடத்தில் இருந்தால் தில்லிக் குளிர் அதற்குப் பெரிதன்று. ஈரமே பகை. ஆறு கோழிகள் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் அருந்தும். முட்டையிற் சேர்வது போக, எஞ்சியதிற் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் வெளிப்படும். மூடிய கொட்டிலில் அந்த ஈரம் எங்கே போகும்?

அங்கீட்டியைப் பற்றி ஒரு சொல். அடைத்த அறையில் அதை வைத்து உறங்கிய மனிதரே கார்பன் மோனாக்சைடினால் மாண்ட செய்திகள் வடநாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன. கோழிக்கு அது எதற்கு?

குளிர்காலத்தில் முட்டை குறைவதையும் சிலர் குளிரின் மேல் ஏற்றுகின்றனர். டிசம்பரில் இங்கே பகற்பொழுது பத்தேகால் மணியளவே. கோழி தொடர்ந்து முட்டையிட வேண்டுமானால் 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். சுவரில் எத்தனை பலகை அடித்தாலும் பகல் நீளாது.

உண்மையில் தில்லிக் கோழிக்கு எமன் ஜூன் மாதமே. கோழிக்கு வியர்வை இல்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே இரைக்கத் தொடங்கும், முட்டையோடு மெலியும். லூ வீசும் நாட்களில் 45 டிகிரி வெயிலில் காயும் தகரத்தின் கீழ் அது என்ன பாடுபடும்! ஆகவே செலவிடப் பணம் இருப்பின் கூரைக்குச் செலவிடுக என்பதே என் கருத்து. தகரத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சர்க்கண்டாத் தட்டை வேய்ந்தேன். அது கோடையில் வெயிலைத் தாங்குகிறது. குளிர்காலத்தில் தகரம் சில்லிட்டு நீர் கோத்துச் சொட்டுவதையும் பெரிதும் தடுக்கிறது. தெர்மோகோல் வைப்போர் அதை இருபுறமும் பலகையால் மறைத்தல் வேண்டும். கோழிகள் அதை ஆவலோடு கொத்தித் தின்னும், எலிகளோ அதற்குள் குடியேறும்.

சுவர்களைப் பொறுத்தவரை, வாடை வரும் வடமேற்குப் பக்கத்தை மட்டும் பலகையால் அடைத்தேன். இறவாரத்தின் கீழ், கோழிகள் அமரும் கட்டைக்கு மேலாக, நான்கு விரற்கடை இடைவெளியை ஆண்டு முழுவதும் திறந்தே விட்டுள்ளேன். கட்டையைத் தட்டையான சட்டமாக மாற்றியதால், அவை கால்விரல்களை மார்பிறகால் மூடி உட்காருகின்றன. தரையில் அரையடி உமி. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடுவேன்.

குஞ்சுகளின் நிலை வேறு. முதல் வாரத்தில் அவற்றிற்கு 35 டிகிரி அளவு வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். சிம்லா, காஷ்மீர்ப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்குச் சுவர்க்காப்பும் பயன்படலாம், மேலே காற்றுப் போக வழி இருக்குமானால்.

இவ்வாண்டு ஜனவரியில் மூடுபனி அடர்ந்த ஒரு விடியலில் என் தாயார் கைவிளக்குடன் கொட்டிலுக்குச் சென்றார்கள். கூரையின் அடியைத் தடவி, விரல்களை என்னிடம் காட்டினார்கள். உலர்ந்திருந்தன. "அந்தச் சிவப்பியும் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தீனி எடுக்க உள்ளே போனார்கள்.