கேட்டபடி சொல்லிப் பழகுங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் வேலைக்குச் சேரும் பட்டதாரிப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுதவும் வரும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து மெயில் வந்தால் புரிந்துகொண்டு பதில் போட்டுவிடுவார்கள். அதே பையர் போனில் வந்தால் ரிசீவரை மேனேஜரிடம் நீட்டுவார்கள். இதில் அவர்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் அத்தனை வருஷம் கண்ணுக்கும் கைக்கும் கிடைத்த பயிற்சி, காதுக்கும் வாய்க்கும் கிடைக்கவில்லை. அதை இப்போது கொடுக்கலாம். ஒரு செல்போனும் தினம் கால்மணி நேரமும் போதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரின் குரலைக் கேட்டு, கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இதே உழைப்பை மறுபக்கத்திலிருந்து, அதாவது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து, செய்தவர்களை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசினார்கள். ஜனங்களுக்குப் புரிகிற தமிழ் வாயில் வராமல் அந்த வேலை ஓராண்டுகூட ஓடியிருக்காது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான்.

பயிற்சிக்கு எடுக்கும் பேச்சு ஒரு நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்து, காதில் விழாமல் நழுவிய சொற்களைக் குறியுங்கள். அடுத்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அவர் சொன்ன வேகத்தில், அவர் ஏற்றி இறக்கிய இடத்தில் ஏற்றி இறக்கிச் சொல்லுங்கள். நாக்கு பழகியதும் நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒரு நொடி பின்னால் கூடவே சொல்லிக்கொண்டு வாருங்கள். இதற்கு ஷேடோயிங் என்று பெயர். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களைத் தயார்செய்ய இதைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் ஆங்கில வகுப்புகளில் செய்து பார்த்து ஆராய்ந்தபோது, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கூடுவது தெரிந்தது. போனில் எதிர்முனைப் பேச்சு பிடிபடாமல் திணறுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

எதைக் கவனிப்பது என்று தெரியாமல் நூறு தடவை திருப்பிச் சொன்னாலும் பழைய உச்சரிப்பே இறுகிப்போகும். தமிழ் வாய்க்கென்று சில இடங்கள் உண்டு. சொல்லின் கடைசியில் நாம் ஒரு உகரம் சேர்த்துவிடுகிறோம்: சைஸு, பஸ்ஸு. அதை வெட்ட வேண்டும். லெதர் என்பதில் வரும் 'த' நம்முடையது மாதிரி பல்லில் அடைத்துத் திறக்கும் ஒலி கிடையாது. நாக்கின் நுனி பல்லிடுக்கில் லேசாகத் தொட்டபடி இருக்க, காற்று கசிய வேண்டும். ஜோடியைக் குறிக்கும் 'பேர்' என்ற சொல் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கப் புழங்குகிறது. ஆங்கிலேயர் அதைச் சொல்லும்போது முதல் எழுத்தில் காற்று வெடித்து வரும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், காகிதம் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் அவர் காதில் அது கரடியைக் குறிக்கும் சொல்லாகவே விழக்கூடும். குறில் நெடிலில் நமக்குக் கஷ்டமே இல்லை. ஷிப், ஷீப் வித்தியாசத்துக்கு மற்ற மொழிக்காரர்கள் படும் பாடு தமிழருக்குக் கிடையாது.

ஒலிகளைவிட முக்கியம் தாளம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சம மதிப்புக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் சில அசைகள் தூக்கலாக வரும், மற்றவை நசுங்கிப்போகும். 'த ஷிப்மென்ட் வில் பி ரெடி பை ஃப்ரைடே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப், ரெ, ஃப்ரை மூன்றும்தான் ஓங்கி ஒலிக்கும். 'மென்ட் வில் பி' என்ற மூன்று அசையும் சேர்ந்து 'மன்ட்ல்பி' போல ஒரே இழுப்பில் ஓடிவிடும். சொல் தெரிந்திருந்தும் காதில் விழாமல் போவது இதனால்தான். ஷிப், ரெ, ஃப்ரை என்ற மூன்று இடத்தில் மட்டும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். எக்ஸ்போர்ட் என்ற சொல்லையும் இப்படிப் பாருங்கள்: ஏற்றுமதி என்ற பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முதல் அசையில், ஏற்றுமதி செய் என்ற வினையானால் இரண்டாவதில்.

கேட்க பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நல்லது, பேச்சு முழுவதும் எழுத்திலும் கிடைக்கும்; அதில் ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது வேகமாகத் தோன்றினால், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய மெதுவான ஆங்கில ஒலிபரப்பின் வழியில் வந்த பதிவுகளைத் தேடுங்கள். சுமார் 1,500 சொற்களுக்குள் நிற்கும், நிதானமாக வாசிக்கும் நடை அது. யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். வேகம் பழகியதும் பழையபடி கூட்டிவிடுங்கள்.

வெள்ளைக்காரர் மாதிரியே பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தோல் வாங்க வருகிற இத்தாலியர், ஜெர்மானியர் பேசுவதும் அவரவர் நாட்டு வாடையுள்ள ஆங்கிலம்தான். கேட்பவர் இன்னொரு தடவை கேட்காமல் புரிந்துகொண்டால் போதும். வாரம் ஒருமுறை உங்கள் குரலைப் பதிவு செய்து மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.

திருப்பிச் சொல்வது மட்டும் உரையாடல் ஆகிவிடாது. பழகிய வாக்கியத்தில் வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போடுங்கள், ஷிப்மென்டை சாம்பிள் ஆக்குங்கள், அதையே கேள்வியாக்குங்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைப் பையராக இருந்து கேட்கச் சொல்லி, ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள். தடுமாறிய வாக்கியம் எதுவோ, அதை அன்று ராத்திரிப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.